மூடி முதலில், அடி கடைசியில்

சூசைநாதன் பஹ்ரைனிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. மனாமா நகரத்தில் ஒரே கடையில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்திருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் விடுப்பு. அந்த விடுப்புகளை எல்லாம் ஒன்றாகக் கோத்தால் இரண்டு வருடம் தேறும். மனைவி சகாயராணியோடு அவர் சேர்ந்து வாழ்ந்தது அந்த இரண்டு வருடமும், வெளிநாடு போவதற்கு முந்தைய மூன்று வருடமும்தான்.

வீடு அரியூருக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகளை ஒட்டிய தெருவில் இருந்தது. மகள் ஜெயசித்ரா கல்யாணமாகி அம்பத்தூரில் இருந்தாள். அப்பா வந்த முதல் வாரம் அவளும் மாப்பிள்ளையும் வந்து தங்கினார்கள். சொந்தக்காரர்கள் வந்து சோப்பும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது வாரம் வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

அது ஒரு ஆளுக்குப் பழகிப்போன வீடு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தண்ணீர்க் குடத்தின் மேல் ஒரு தம்ளர். கொடியில் ஒரு துண்டு. அவருக்காக வாங்கிய தலையணையில் கடையின் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது, எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும், எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் கேட்கக் கூச்சமாக இருந்தது. சொந்த வீட்டில் எத்தனை தடவைதான் ஒரு மனிதன் கேட்பான்?

சகாயராணி அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். பன்னிரண்டு வருட வேலை. காலை ஆறரைக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவாள். சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோவில், ஞாயிற்றுக்கிழமை பூசை, பிறகு தெருவுக்குத் தெரு வீடுகளில் ஜெபத்துக்குக் கூடுகிற அன்பியக் கூட்டம். அவளுடைய வாரத்தில் எங்கும் இடைவெளி இல்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுப் போவாள். சூசைநாதன் அதை அடுப்பு மேடை ஓரமாக நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள்.

"ஏன் நின்னுகினு துன்றீங்க? குந்திதான் சாப்பிடுங்களேன்."

"அங்க அப்டியே பழகிடிச்சி."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. 

ஒரு மதியம் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் போன் போட்டார். மனாமாவில் இருந்து தினமும் போடுகிற நேரம்தான் அது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"சாப்ட்டேன். இங்க வெயிலு ஜாஸ்தி."

"இங்கயுந்தான்," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் தூரம். கால் மணி நேரம் நன்றாகப் பேசினார்கள். துணி பிழிகிற மெஷின் ரிப்பேரானதை அவள் சொன்னாள். கொல்லையில் மயில் வந்ததை அவர் சொன்னார். மாலையில் அவள் வீட்டுக்கு வந்து பையை மாட்டிவிட்டு, "காபி போடட்டுங்களா?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் மதியம் அவர் போன் போட்டார். அதன் பிறகு தினமும் போட்டார்.

அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் இருந்தது. முதல் விடுப்பில் வந்தபோது சகாயராணியின் அண்ணன் இன்னாசிமுத்து, "இன்னா வேல மாப்ள?" என்று கேட்டார். "சூப்பர்வைசர்" என்றார் சூசைநாதன். அது வாய் தவறி வந்த சொல் இல்லை. விமானத்திலேயே யோசித்து எடுத்து வைத்திருந்த சொல். அவருடைய அப்பா பச்சையப்பன், பிறகு ஞானஸ்நானம் வாங்கி அந்தோணி ஆனவர், ஆயுள் முழுக்க நிலக்காரர் அரங்கநாதன் வீட்டுக் கரும்பை வெட்டியவர். அந்தத் தெருவிலிருந்து முதன்முதலில் விமானம் ஏறியவன் ஊருக்கு வந்து, ரொட்டிக்கு நடுவில் வெள்ளரித் துண்டு வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வான்? சொன்ன சொல் தெருவெல்லாம் பரவியது. மகளின் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சாகியது.

அவர் வேலை பார்த்த கடையின் பெயர் புளூ வேகன். ஐம்பதுகளில் அமெரிக்காவில் தொடங்கிய பர்கர் கடைகள் அவை. நெடுஞ்சாலை ஓரங்களில் நீல வண்டிச் சக்கரம் மாட்டிக்கொண்டு ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தனவாம். அங்கே எப்போதோ மூடிவிட்டார்கள். மனாமாவில் மட்டும் யூசுப் என்கிற பெரியவர் எழுபதுகளில் உரிமம் வாங்கித் திறந்த ஒரே ஒரு கடை நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எத்தனையோ புதுக் கடைகள் வந்தன. யூசுப் எதையும் மாற்றவில்லை. வேகன் பர்கர், சீஸ் வேகன், டபுள் வேகன், மீன் சாண்ட்விச், உருளைக்கிழங்குச் சிப்ஸ், மூன்று வகை மில்க் ஷேக். அவ்வளவுதான் மெனு. கோழி பர்கர் போடச் சொல்லிக் கேட்டவர்களை அவர் அடுத்த கடைக்குக் கைகாட்டி அனுப்பினார்.

பர்கர் அடுக்குகிற மேசைக்கு மேலே, கண்ணுக்கு நேராக, ஒரு அட்டை தொங்கும். ஓரத்தில் 1962 என்று போட்டிருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் பழுத்துப்போன அந்த அட்டையில் படம் படமாக வரைந்திருந்தது. பன்னின் மூடியைக் கவிழ்த்துப் போட வேண்டும். வேலை மூடியில்தான் தொடங்கும். கடுகுச் சாந்து நடுவில் ஒரே அழுத்து. தக்காளி சாஸ் ஐந்து பொட்டு, ஓரத்தில் நான்கு, நடுவில் ஒன்று. பொடியாக நறுக்கிய வெங்காயம் மூன்று விரல் நுனிக்குள் அடங்குகிற அளவு. வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டு இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது. பட்டால் ஒரு கடியில் இரண்டும் போய்விடும், அடுத்த கடி வெறும் ரொட்டியாக இருக்கும். அதன்மேல் சீஸ். அதன்மேல் அடுப்புக் கல்லிலிருந்து இறங்கிய கறி வட்டு. கடைசியாகப் பன்னின் அடி. பிறகு அப்படியே திருப்பி, தாளில் சுற்றி, மடிப்பு கீழே போகும்படி வைக்க வேண்டும். மொத்தம் பதினேழு விநாடி.

கல்லில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் நின்றார். சிப்ஸ் சட்டியில் ஒரு இலங்கைக்காரர். மேசையில் சூசைநாதன். சேர்ந்த முதல் வாரத்தில் அவரை அங்கே நிறுத்தினார்கள். கடைசி நாள்வரை அவர் அங்கேயே நின்றார். யூசுப் இறந்ததும் பிள்ளைகள் கடையை மூடி, அந்த இடத்தை மருந்துக் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் ஊருக்கு வந்த மூன்றாவது மாதம், கல்லூரிக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பியது. அரங்கநாதனின் மகன் நவீன்குமார் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து பர்கர் கடை போடுகிறான் என்றார்கள். சலவைப் பகுதிப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் அந்தக் கட்டடத்தின் வாசல். ஒரு மாலை சகாயராணியே அவனிடம் போய்ப் பேசினாள். கூட வேலை செய்கிற மகாலட்சுமி, டெய்சி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு பஹ்ரைன்ல இருவத்திநாலு வருசம் பர்கர் கடைலதான் சூப்பர்வைசரா இருந்தாரு தம்பி. அமெரிக்காகாரன் கடை. எதனா கேக்கணும்னா அவரக் கேளுங்க."

அடுத்த நாளே நவீன்குமார் வண்டியில் வந்து இறங்கினான். உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். அரங்கநாதன் குடும்பத்து ஆள் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சகாயராணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பழைய காலத்து அமெரிக்கக் கடை மாதிரிதான் நானும் போடறேன். சமைக்கறதுக்கு ரெண்டு பேரு வந்துட்டாங்க. கடைய மேய்க்கறதுக்குத்தான் ஆளு இல்ல. நீங்க மேனேஜரா வந்துடுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாயைத் திறந்தார். "தம்பி, நானு அங்க..." என்று தொடங்கி நிமிர்ந்தபோது மனைவியின் முகம் தெரிந்தது. வந்த மூன்று மாதத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"வர்றேன் தம்பி," என்றார்.

திங்கட்கிழமை போனார். சகாயராணி அவருக்கு வெள்ளைச் சட்டை தேய்த்துக் கொடுத்திருந்தாள். கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்கப் புளூ வேகனின் பழைய மெனுப் பலகை, பெரிதாக அச்சிட்டு ஒட்டியிருந்தது. நவீன்குமார் இணையத்தில் தேடி எடுத்திருந்தான்.

"உங்க கடதாண்ணே! பாருங்க, ஒரு பர்கர் பதினஞ்சு சென்ட்டு!"

சூசைநாதன் அந்தச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தெரிந்த பெயர்கள், தெரிந்த வரிசை. அதைப் பற்றிச் சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. ஆனால் நவீன்குமார் அவரை அறைக்குள் கூட்டிப்போய் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தான். சரக்கு இருப்பு அதில்தான். ஆட்களின் ஷிஃப்ட் அதில்தான். பில்லும் அதில்தான். விரலை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று திறந்தது, ஏதோ ஒன்று மூடியது. யூசுப்பின் ஆபீஸ் அறைக்குள் இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே மேனேஜர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்ததும் இல்லை.

மூன்று நாள் அந்த அறையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தால் கால் மரத்துப்போனது. நவீன்குமார் பொறுமையாக இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தான். "பழகிடுங்கண்ணே," என்றான். அவர் தலையாட்டினார்.

வியாழக்கிழமை கடை திறந்தது. மதிய இடைவேளையில் கல்லூரிப் பிள்ளைகள் மொத்தமாகச் சாலையைத் தாண்டி வந்துவிட்டார்கள். அசாமிலிருந்து வந்த இரண்டு சமையல்காரர்களும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. ஒருவர் பன்னின் அடியிலிருந்து அடுக்கினார், இன்னொருவர் எல்லாவற்றையும் கறிமேல் கொட்டினார். கையில் எடுத்தால் சாஸ் முழங்கை வரை ஒழுகியது. ஒரு பெண் தன் வெள்ளைக் கோட்டைக் காட்டி நவீன்குமாரிடம் சத்தம் போட்டாள். ஆர்டர் சீட்டுகள் வரிசையாகத் தொங்கின. நவீன்குமார் திரும்பித் தன் மேனேஜரைப் பார்த்தான்.

சூசைநாதன் எழுந்தார். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஏப்ரனைக் கட்டினார், தொப்பி போட்டார். மேசையை இரண்டடி முன்னால் இழுத்தார். சாஸ் குப்பிகளை வலப்பக்கம், வெங்காயத்தை நடுவில், வெள்ளரியை இடப்பக்கம் வைத்தார். பன்னிரண்டு மூடிகளைக் கவிழ்த்து வரிசையாகப் போட்டார்.

பிறகு அவர் எதையும் யோசிக்கவில்லை. ஒரே நடையில் பன்னிரண்டுக்கும் கடுகு, திரும்பி வரும்போது ஐந்தைந்து பொட்டாகச் சாஸ். விரல் நுனியில் வெங்காயம் எடுத்துத் தூவினார். வில்லியனூர் பேக்கரியிலிருந்து வந்த பன் தேவைக்கு மேல் இனித்தது, கறிக்குப் பதில் கோழி, ஆனாலும் கைக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. "அண்ணா, டபுள் ரெண்டு!" என்று கல்லிலிருந்து குரல் வந்தது. "டபுள் ரெண்டு," என்று அவர் திருப்பிச் சொன்னார். மனாமாவை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக உடம்பு தன் இடத்தில் இருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. சீட்டுகள் குறைந்தன. சத்தம் அடங்கியது. பிள்ளைகள் தாளைப் பிரித்துச் சாப்பிட்டார்கள், யார் கையிலும் ஒழுகவில்லை.

அந்த நேரத்தில்தான் அரங்கநாதன் வந்தார். மகன் கடையைப் பார்க்க வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர், கவுண்டர் ஓரம் நின்று சூசைநாதனின் கைகளையே பார்த்தார்.

"இன்னா சூச, மேனேஜர்னு சொன்னான் எம்புள்ள?"

சூசைநாதன் ஒரு பர்கரைத் தாளில் சுற்றி வைத்தார். "ஐயா," என்று மட்டும் சொன்னார்.

"பரவால்ல, பரவால்ல. நல்லா செய்ற. உங்கப்பன் கரும்பு வெட்டும்போது இப்டிதான். கைய கண்ணால புடிக்க முடியாது."

அவர் மனதாரப் பாராட்டித்தான் சொன்னார். சூசைநாதன் நிமிர்ந்தார். அரங்கநாதனுக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், நீல யூனிபார்ம் புடவையில் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற புருஷனைக் காட்டுவதற்காகச் சாப்பாட்டு நேரத்தில் சகாயராணி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னாடி, உங்க வூட்டுக்காரரு மேனேஜர்னியே?" என்றாள் மகாலட்சுமி.

"ஆளு பத்தலபோல கீது. ஒத்தாசைக்கு நிக்கறாரு," என்றாள் சகாயராணி சட்டென்று.

சொல்லிவிட்டு அவள் மறுபடி பார்த்தாள். கட்டில் விரிப்புகளைப் பன்னிரண்டு வருடம் மடித்தவள் அவள். நேற்று கற்றுக்கொண்ட கை எது, ஆயுள் முழுக்க ஒன்றையே செய்த கை எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதுவும் சாப்பிடாமல் திரும்பிப் போய்விட்டாள்.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் ஹாலில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யூனிபார்மை மாற்றவில்லை.

"எத்தினி வருசமா?" என்றாள்.

"இன்னாது?"

"அந்த மேசைல நீ எத்தினி வருசமா நின்ன?"

அவள் 'நீ' என்று சொன்னதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"மொத்தமும்," என்றார்.

"சூப்பர்வைசரு?"

"ஒரு நாளும் இல்ல."



"பன்னுல வெங்காயம் வெக்கறது ஒன்னும் கேவலம் இல்ல. பொணத்துமேல கெடந்த துணியெல்லாம் நானு தொவைக்கறேன். உங்கிட்ட மறைச்சனா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"மொத தடவ வாய்ல வந்துடிச்சி. அப்புறம் மாத்தறதுக்கு வழி தெரில."

"எங்கூட வேல செய்றவங்ககிட்ட சொல்லிகினே இருந்தேன். அவருக்குக் கீழ முப்பது பேரு, ஏசி ரூம்ல குந்தி இருப்பாரு, அதான் போன்ல சத்தமே கேக்காதுனு. நீ வராத வருசத்துல எல்லாம் அந்த ஆளத்தான் மனசுல வெச்சிகினு இருந்தேன். இப்ப பாத்தா அப்டி ஒரு ஆளே இல்ல." அவள் குரல் உயரவில்லை. "அப்ப நானு யாருகூட குடும்பம் நடத்தனேன், சொல்லு?"

சூசைநாதன் நின்றபடியே இருந்தார்.  அவள் எழுந்துபோய்ச் சோறு வடித்தாள், அவருக்குப் போட்டு வைத்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் கடைக்குப் போகவில்லை. மதியம் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அவர் போடவில்லை. வீட்டில் சமையல் நடந்தது, துணி துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது, பேச்சுதான் இல்லை. அம்பத்தூரிலிருந்து மகள் பேசும்போது போனை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். "ரெண்டு பேரும் நல்லாதானே இருக்கீங்க?" என்று ஜெயசித்ரா கேட்டாள். "நல்லா இருக்கோம்," என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் நவீன்குமார் வந்தான்.

"அண்ணே, மேனேஜருக்கு வேற ஆளு பாத்துட்டேன். ஆனா மேசைக்கு நீங்கதான் வேணும். பிள்ளைங்க கேக்குதுங்க, மொத நாளு போட்டவரு எங்கன்னு."

"நானு பொய் சொல்லிட்டேன் தம்பி."

"அது உங்க வூட்டு விசயம்ணே. எனக்கு பர்கர் ஒழுகாம இருந்தா போதும்."

அவர் போனார். வேறு எங்கே போவது? பதினொரு மணிக்குக் கடை திறக்கும். அவள் ஆறரைக்கே போயிருப்பாள். சாலைக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் அவர். அசாம்காரர்கள் இரண்டு பேரும் தங்கள் மொழியில் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் சீட்டை நீட்டிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். அவர் மூடிகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருப்பார். மனாமாவில் கடல் தாண்டி இருந்த அதே தனிமை, இங்கே பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் வந்து நின்றது. அங்கேயாவது ஊர் என்று ஒன்று இருக்கிறது, போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைக்க முடிந்தது.

நாலரை மணிக்கு நீலப் புடவைகள் சாலையைத் தாண்டி வந்து கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும். மகாலட்சுமி சில நாள் உள்ளே வந்து ஒரு சிப்ஸ் வாங்குவாள். "நல்லாக்கிறீங்களாண்ணே?" என்று கேட்பாள். சகாயராணி கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கண்ணாடி வழியாக அவளுடைய கொண்டையும், பையும், குதிகால் வெடிப்பும் தெரியும். பஸ் வரும். கண்ணாடிக்கு அப்புறம் யாரும் இருக்க மாட்டார்கள். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அன்பியக் கூட்டம் இல்லை என்று செய்தி வந்தது. கடைக்கும் அன்று விடுமுறை. சகாயராணி அடுப்பில் உலை வைத்தாள். சூசைநாதன் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். முறத்தை நகர்த்தி இடம் பண்ணினாள்.

"குந்து," என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.

"அங்க இன்னா நடந்துதுனு சொல்லு. மொதல்லேர்ந்து. பொய் கலக்காம சொல்லு."

அவர் யோசித்தார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அறையில் தொடங்கினார். ஒரு அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், அவருடையது மேல் கட்டில். கீழே ஒரு நேபாளி, ஒன்பது வருடம் கீழே படுத்திருந்தவர், ஒரு நாள் போனவர் திரும்பவில்லை. மேசையைப் பற்றிச் சொன்னார். அட்டையைப் பற்றி, பதினேழு விநாடி பற்றி. ஃப்ரீசர் அறைப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டதைச் சொன்னார். கல்லில் சாய்ந்து முழங்கை வெந்ததைச் சொல்லிச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். அவள் அந்தத் தழும்பை முன்பே பார்த்திருக்கிறாள், கேட்டதில்லை. அப்பா செத்த செய்தி வந்த நாள் வெள்ளிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். நான்கு மணிவரை பர்கர் போட்டுவிட்டு ஃப்ரீசர் அறைக்குள் போய் அழுததைச் சொன்னார். கண்ணீர் சில்லென்று ஆகிவிடும் என்றார். யூசுப் செத்ததைச் சொன்னார். நீலச் சக்கரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றியதைச் சொன்னார்.

அத்துடன் நின்றுவிட்டார்.

"அவ்ளோதானா?" என்றாள் அவள்.

அவர் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். நாட்கள் நிறைய இருந்தன. எல்லாம் ஒரே நாளாக இருந்தன.

"அவ்ளோதான்," என்றார்.

உலை அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியது. சகாயராணி எழுந்து அரிசியைக் களைந்து போட்டாள். கரண்டியால் ஒரு தடவை கிண்டிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"நானும் ஒன்னு மறைச்சேன். மறைச்சனானு அன்னிக்கு கேட்டனே, மறைச்சேன்."

"இன்னா?"

"தானே புயல் அப்போ ரெண்டு ஓடுதான் போச்சினு போன்ல சொன்னேன். வூடே போய்ட்ச்சி. கூரை மொத்தமும் பறந்துடிச்சி. நானும் பாப்பாவும் மூனு நாளு கோயில்ல படுத்திருந்தோம். அவளுக்கு ஜொரம். லூர்துமேரி இல்லனா அன்னிக்கு எம்பொண்ணு போய்ச் சேந்திருக்கும்."

சூசைநாதனுக்கு அந்த வருடம் நினைவு வந்தது. மேசையோரம் நின்று, காதில் போனை வைத்து, 'ரெண்டு ஓடுதானே, போவட்டும்' என்று சொன்னது நினைவு வந்தது.

"லூர்துமேரி யாரு?" என்றார்.

சகாயராணி திரும்பி அவரைப் பார்த்தாள். வெளியே மழை விடவில்லை. அவள் கரண்டியைத் தட்டின்மேல் வைத்தாள்.

"கோயிலுக்குப் பின்னால இருந்தாங்க. அருள்தாஸ் சம்சாரம்."

"அருள்தாஸ்னா?"

அவள் கோபப்படவில்லை. முறத்துக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, அருள்தாஸ் யார், எந்த வீடு, எப்போது குடிவந்தார்கள் என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அதில் ஐந்தாறு பெயர்கள் வந்தன. அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். அவள் ஒவ்வொன்றையும் சொன்னாள். சோறு வெந்து, வடித்து, ஆறத் தொடங்கியபோதும் அவர்கள் புயலின் முதல் நாளைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.